பின்னுதைப்பில் ஓடும் இயந்திரம்: பழைய அரைத் தானியங்கி ஷாட்கன்களைச் சேர்ப்பதும் பேணுவதும்

பழைய அரைத் தானியங்கி ஷாட்கன் ஒன்று விலைக்கு வரும்போது, பெரும்பாலோர் கட்டையின் மெருகையும் எஃகின் நீலப் பூச்சையும் செதுக்கு வேலைப்பாட்டையும் பார்த்துவிட்டு விலை பேசத் தொடங்குகிறார்கள். நான் குழலுக்கு அடியில் உள்ள முன்கட்டையைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேட்பேன். அனுமதி கிடைக்காவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வேன். இரட்டைக் குழல் துப்பாக்கியில், சுட்டவுடன் பின்னோக்கி வரும் விசையான பின்னுதைப்பு தோளில் வந்து முடிந்துவிடுகிறது. அரைத் தானியங்கியிலோ அதுவே இயந்திரத்தை ஓட்டும் விசை. வெற்று உறையை வெளியே எறிவதும், அடுத்த தோட்டாவை ஏற்றுவதும், சுத்தியலைப் பின்னிழுத்து நிறுத்துவதும் அந்த உதைப்புதான். அந்த விசை ஒவ்வொரு முறையும் எங்கே சென்று அடங்கியது என்பதைப் பொறுத்தே துப்பாக்கியின் உண்மையான நிலை அமைகிறது. அதற்கான தடயங்கள் வெளியே தெரிவதில்லை; முன்கட்டைக்குள்ளும் பின்கட்டைக்குள்ளும் ஒளிந்திருக்கின்றன.

இந்த வகைத் துப்பாக்கிகளைச் சேர்ப்பவர் எவரும் அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் மோசஸ் பிரௌனிங்கின் ஆட்டோ-5 மாதிரியைத் தாண்டிச் சென்றுவிட முடியாது. 1898இல் அவர் வடிவமைக்கத் தொடங்கி, 1900இல் காப்புரிமை பெற்ற இந்தத் துப்பாக்கிதான் வெற்றிகரமாக விற்பனைக்கு வந்த முதல் அரைத் தானியங்கி ஷாட்கன். அதுவரை தம் வடிவமைப்புகளை வின்செஸ்டர் நிறுவனத்துக்கு ஒரே தொகைக்கு முழு உரிமையோடு விற்றுவந்த பிரௌனிங், இம்முறை விற்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் உரிமத்தொகை வேண்டும் என்று கேட்டார், வின்செஸ்டர் மறுத்தது. அடுத்து ரெமிங்டனை நாடிச் சென்றபோது, 1902 ஜனவரியில், அவரைச் சந்திக்கவிருந்த அந்நிறுவனத் தலைவர் மார்செல்லஸ் ஹார்ட்லி மாரடைப்பால் இறந்துபோனார். பிரௌனிங் கப்பலேறி பெல்ஜியத்துக்குப் போனார். லியேஜ் நகரை ஒட்டிய எர்ஸ்டாலில் இருந்த எஃப்.என். ஆயுதத் தொழிற்சாலை அதை ஏற்றுக்கொண்டது. பின்னர் ரெமிங்டனும் உரிமம் பெற்று, 1905 முதல் அதையே தயாரித்தது. மாதிரி 11 என்று சேகரிப்பாளர்கள் அறிவது அதைத்தான். 1930இலிருந்து சாவேஜ் நிறுவனத்தின் மாதிரி 720உம் இதே அமைப்பில் வந்தது. பெல்ஜியத்தில் 1970களின் நடுப்பகுதி வரையிலும், அதன்பின் ஜப்பானின் மிரோக்கு தொழிற்சாலையில் 1998 வரையிலும் ஆட்டோ-5 உருவாகியது. இடையில் இரண்டாம் உலகப் போரின்போது எர்ஸ்டால் ஜெர்மானியரின் பிடிக்குள் போனதால், பிரௌனிங் பெயரிலான துப்பாக்கிகளை ரெமிங்டனே அமெரிக்காவில் செய்து கொடுத்தது. ரெமிங்டனின் சொந்த மாதிரி 11இல் இல்லாத மேகசின் தடுப்பு நெம்புகோல் (தோட்டாக்களைச் சேமிக்கும் மேகசின் குழாயிலிருந்து அடுத்தது ஏறாமல் நிறுத்துவது), பிரௌனிங் பெயரில் அதே தொழிற்சாலையில் பிறந்த இந்தத் துப்பாக்கிகளில் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மகிழ்ச்சியை இன்னொரு சேகரிப்பாளருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆட்டோ-5 இயங்கும் முறையை நீள் பின்னுதைப்பு என்கிறோம். சுட்டவுடன் குழலும் அதன் பின்புறத்தை மூடும் போல்ட்டும் ஒன்றோடொன்று பூட்டியபடியே, தோட்டாவின் முழு நீளத்தையும் விடக் கூடுதலான தொலைவுக்கு ஒன்றாகப் பின்னே செல்கின்றன. கடைசியில் போல்ட் மட்டும் அங்கேயே பிடித்து நிறுத்தப்பட, குழல் தன் ஸ்பிரிங்கின் உந்துதலால் முன்னே திரும்புகிறது. அப்போது வெற்று உறை வெளியேறுகிறது. அதன் பின்னரே போல்ட் விடுபட்டு, அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு முன்னே வருகிறது. இவ்வளவு எடையுள்ள குழல் ஒன்று ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னுமாக ஓடுவதைக் கட்டுப்படுத்த பிரௌனிங் கையாண்ட வழி மிக எளியது. மேகசின் குழாயைச் சுற்றி ஒரு பெரிய ஸ்பிரிங். அதன் முனையில் பிளவுபட்ட ஒரு வெண்கல உராய்வு வளையம். அதோடு ஒரு பக்கம் சரிவாகக் கடையப்பட்ட ஓர் எஃகு வளையம். குழல் பின்னே வரும்போது, குழலின் அடியில் உள்ள பெரிய வளையத்தின் சரிவு வெண்கலத்தை நெருக்குகிறது; நெருங்கிய வெண்கலம் மேகசின் குழாயை இறுகப் பற்றி வேகத்தைத் தின்றுவிடுகிறது. திரும்பும்போது பிடி தளர்கிறது.

இந்த எஃகு வளையத்தை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலான ஆட்டோ-5களின் தலையெழுத்து எழுதப்பட்டிருக்கிறது. வழக்கமான 12 போர் (குழலின் உள்விட்ட அளவு) துப்பாக்கியில் கனமான தோட்டாக்களைச் சுடுவதானால், எஃகு வளையம் ஸ்பிரிங்குக்கு முன்னால், சரிவுப் பக்கம் வெண்கலத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அப்போது வெண்கலம் இரு பக்கத்திலிருந்தும் நெருக்கப்படும். இலகுவான தோட்டாக்களுக்கு அதே வளையத்தை எடுத்து ஸ்பிரிங்குக்குப் பின்னால், இயந்திரத்தை உள்ளடக்கிய கூடான ரிசீவரை ஒட்டி வைத்துவிட வேண்டும். அப்போது ஒரு பக்க நெருக்கம் மட்டுமே இருக்கும். கனமான தோட்டாவுக்கு இலகுவான அமைப்பை விட்டுவைத்தால், குழலும் போல்ட்டும் தடையின்றிப் பின்னே பாய்ந்து ரிசீவரின் பின்சுவரை மோதும், முன்கட்டை விரிசல் விடும், தோளும் வலிக்கும். இலகுவான தோட்டாவுக்குக் கனமான அமைப்பு இருந்தால், குழல் முழுத் தொலைவு செல்லாமல் நின்று, உறை வாயிலில் சிக்கிக்கொள்ளும். இந்தச் சிக்கலைக் கண்டவுடன் சிலர் மேகசின் குழாயில் எண்ணெயைத் தாராளமாகப் பூசிவிடுகிறார்கள். துப்பாக்கி அப்போதைக்கு ஓடத் தொடங்கும்; ஆனால் எண்ணெயில் வழுக்கும் வெண்கலம் எதையும் பிடிக்காது. நனைந்த பிரேக்கை நம்பி மலைப்பாதையில் வண்டியை இறக்குவதைப் போன்றது அது. எண்ணெய் தடவிய துணியால் ஒரு முறை துடைத்து, அதன் பின் உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்தால் எவ்வளவு மிஞ்சுமோ, மேகசின் குழாய்க்கு அவ்வளவே போதும்.

முன்கட்டையைக் கழற்றுவதற்கு ஒரு முறை உண்டு. குழலும் மேகசினும் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, போல்ட்டைப் பின்னே இழுத்துத் திறந்த நிலையில் நிறுத்தி, துப்பாக்கியை மேசைமேல் செங்குத்தாக நிற்க வைத்து, குழலைச் சற்றே கீழே அழுத்தியபடி மேகசின் மூடியைத் திருகிக் கழற்ற வேண்டும். குழல் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் மேலே எழும். கையை விட்டுவிடாமல் மெல்ல எழ விட வேண்டும். முன்கட்டை வெளியே வந்ததும் அதன் உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறேன். மரம் அங்கே மெல்லியது. இழையை ஒட்டி நீளவாட்டில் ஓடும் மயிரிழை விரிசல் வெளிப்பக்க மெருகில் தெரியாமல் போகலாம், உள்ளே தெரியாமல் போகாது. பழைய பசை வடிந்து காய்ந்த கோடு தெரிந்தால் ஏற்கெனவே யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள். அடுத்து வெண்கல வளையத்தின் உட்பக்கம்: சீரான மங்கல் பளபளப்பு இருந்தால் அது வேலை செய்திருக்கிறது, கறுத்த பிசின் படிந்திருந்தால் பல ஆண்டுகளாக யாரும் இங்கே வரவில்லை. எஃகு வளையம் தலைகீழாக மாட்டப்பட்டிருப்பதையும், இல்லாமலேயே போயிருப்பதையும் கண்டிருக்கிறேன். இல்லாவிட்டால் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். ஆனால் அது இல்லாமல் எவ்வளவு காலம் சுடப்பட்டது என்ற கேள்விக்கு விடையை ரிசீவரின் பின்சுவரில் தேட வேண்டியிருக்கும்.

அந்தப் பின்சுவரின் உட்பக்கத்தில் ரிவெட் அடித்துப் பொருத்திய சிறிய ஃபைபர் துண்டு ஒன்று உண்டு. போல்ட் கடைசியாக வந்து மோதுவது அதன்மேல்தான். காலப்போக்கில் அது எண்ணெயில் ஊறி நைந்தோ, காய்ந்து நொறுங்கியோ, முழுவதும் உதிர்ந்தோ போய்விடும். அதன் பின் எஃகு எஃகின்மேல் மோதும். நைந்த துண்டை மாற்றுவது சிறிய செலவு, ரிசீவரில் விரிசல் விழுந்தால் மாற்று வழியே இல்லை. ஆகவே பழைய ஆட்டோ-5 எது கைக்கு வந்தாலும் சுடும் எண்ணம் வருவதற்கு முன்பே குழல் ஸ்பிரிங்கையும் இந்த ஃபைபர் துண்டையும் பார்த்துவிட வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பல பத்தாண்டுகள் அழுத்தத்தில் இருந்த ஸ்பிரிங் நீளம் குறைந்து தளர்ந்திருக்கும். புதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். மேகசின் மூடி முழுதும் இறுகாமல் சுட்டாலும் முன்கட்டை அடிபடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் மறந்துவிடும் இடம் பின்கட்டை. போல்ட்டை முன்னே தள்ளும் ஸ்பிரிங் அங்கே ஒரு நீண்ட குழாய்க்குள் கிடக்கிறது. துப்பாக்கியை வாய் மேலே இருக்கும்படி ஆண்டுக்கணக்கில் சாய்த்து வைப்பதால், உள்ளே போட்ட எண்ணெயெல்லாம் மெல்ல இறங்கி அந்தக் குழாயில் தேங்கிக் கெட்டிப்பட்டு, தூசியோடும் துருவோடும் கலந்து தார் போலாகிவிடுகிறது. போல்ட் சோம்பலாக மூடுகிறது, அடுத்த தோட்டா முழுதும் உள்ளே போகாமல் நிற்கிறது என்ற புகார்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுவே. கட்டையைக் கழற்றி, குழாயின் முனையில் உள்ள அடைப்பை எடுத்து, ஸ்பிரிங்கை வெளியே கொண்டுவந்து, கரைப்பானில் ஊறவைத்துத் துடைத்து, குழாயின் உட்புறத்தையும் சுத்தமாக்கி, மிக மெல்லிய எண்ணெய்ப் படலத்தோடு திரும்ப வைப்பதற்கு ஒரு மாலைப் பொழுது பிடிக்கும். கட்டையைக் கழற்றும்போது திருகாணிகளின் தலைப் பள்ளத்துக்கு மிகச் சரியாகப் பொருந்தும், இணைப்பக்கங்கள் கொண்ட முனையுள்ள ஸ்க்ரூ டிரைவர் மட்டுமே ஆகும். கடையில் கிடைக்கும் ஆப்பு வடிவ முனை பள்ளத்தின் விளிம்பைப் பிய்த்துவிடும். ஆட்டோ-5இல் பெரிய திருகாணிகள் சிலவற்றை நகராமல் பிடித்துக்கொள்ளச் சிறிய பூட்டுத் திருகாணிகளும் உண்டு. முதலில் அவற்றைக் கழற்ற வேண்டும். சிதைந்த திருகாணித் தலைகள் ஒரு துப்பாக்கியின் கடந்தகாலத்தைப் பற்றிச் சொல்வதை, விற்பவரின் வாய்மொழியைவிட அதிகமாக நம்புகிறேன்.

பிரௌனிங்கின் காப்புரிமை எவ்வளவு இறுக்கமாக எழுதப்பட்டிருந்தது என்பதற்குச் சான்று வின்செஸ்டர் 1911 மாதிரி. வாய்ப்பை நழுவவிட்ட வின்செஸ்டர் தன் வடிவமைப்பாளர் டி.சி. ஜான்சனிடம் சொந்தமாக ஓர் அரைத் தானியங்கியை உருவாக்கச் சொன்னது. போல்ட்டை இழுக்கும் கைப்பிடிகூடப் பிரௌனிங்கின் காப்புரிமைக்குள் வந்துவிட்டதால், ஜான்சன் குழலின் மேற்பரப்பில் ஒரு பகுதியைச் சொரசொரப்பாக்கி, அதைப் பிடித்துக் குழலையே பின்னே தள்ளித் துப்பாக்கியைத் தயார் செய்யும்படி அமைத்தார். அந்தக் காலத்துக் காகிதத் தோட்டாக்கள் ஈரத்தில் உப்பி அறைக்குள் சிக்கிக்கொள்ளும். சிக்கிய தோட்டாவை எடுக்க, கட்டையைத் தரையில் ஊன்றிக் குழலைக் கீழே அழுத்தியவர்களின் முகத்துக்கு நேரே குழல்வாய் இருந்தது. சிலர் அப்படியே உயிரிழந்தனர். விதவையாக்கி என்ற பெயர் அந்தத் துப்பாக்கிக்கு அதனால் நிலைத்தது. 1925இல் தயாரிப்பு நின்றது. இதன் பின்னுதைப்பைத் தாங்க வைத்த ஃபைபர் வாஷர்கள் நொறுங்கிப்போவதும், அதனால் பின்கட்டை பிளப்பதும் வழக்கம். பொறியியல் வரலாற்றின் சாட்சியாக அது சேகரிப்பில் இருக்கத் தகுதி உள்ளது. அதைச் சுடுவதற்காக வாங்க வேண்டாம் என்று யார் கேட்டாலும் தயங்காமல் சொல்வேன்.

போருக்குப் பிந்தைய துப்பாக்கிகளுக்கு வேறு தேவைகள் உண்டு. ரெமிங்டன் 11-48, இத்தாலிய ஃபிராங்கி 48 ஏ.எல். ஆகியவை நீள் பின்னுதைப்பையே தொடர்ந்தன. ஃபிராங்கியின் ரிசீவர் அலுமினியக் கலவை என்பதால் கையில் வியப்பூட்டும் அளவுக்கு இலகு, ஆனால் தேய்ந்த இடத்தை எஃகைப் போல் மறுபடி நீலமாக்க முடியாது. 1954இல் வந்த வின்செஸ்டர் 50இல் குழல் நகர்வதில்லை; தோட்டா அறை மட்டும் மிகச் சிறிய தொலைவு பின்னே நகர்ந்து போல்ட்டுக்கு உதை கொடுக்கிறது. அந்த அறையைச் சுற்றிக் கரி படிந்து இறுகிவிட்டால் துப்பாக்கி நின்றுவிடும். ஆகவே அதைக் கழற்றிச் சுத்தம் செய்வது தவிர்க்க முடியாதது. அதன் தம்பியான வின்செஸ்டர் 59இல் மெல்லிய எஃகுக் குழாயின்மேல் கண்ணாடி இழையைச் சுற்றிக் குழல் செய்தார்கள். அழகான துணிச்சல் அது. கடுமையான கரைப்பான்களும் சூடும் அதன் அருகில் வரக் கூடாது. 1963இல் வந்த ரெமிங்டன் 1100 வாயுவால் இயங்குவது. குழலில் உள்ள துளை வழியாக வரும் வாயு பிஸ்டனைத் தள்ளுகிறது. வாயு கசியாமல் காப்பது மேகசின் குழாயின் மேல் உள்ள ஒரு சிறிய ரப்பர் ஓ-ரிங். அது காய்ந்து வெடித்தால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த துப்பாக்கி திடீரென ஒற்றைச் சுடு துப்பாக்கியாகிவிடும். அந்த வளையத்தில் இரண்டை எப்போதும் கையிருப்பில் வைத்துக்கொள்வதும், மேகசின் குழாயின் கரியைத் துடைப்பதும் போதும். 1100 மிகவும் பொறுமையான துப்பாக்கி.

வாங்கும்போது தோட்டா அறையின் நீளத்தை அளக்காமல் விடவே கூடாது. போருக்கு முந்தைய 16 போர் ஆட்டோ-5கள் பலவற்றின் அறை 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானது. இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டா சுடப்படாத நிலையில் மடிப்புடன் இருப்பதால் உள்ளே எளிதாகப் போய்விடும். சுடும்போது மடிப்பு விரிந்து அறைக்கு முன்னே உள்ள குறுகலில் நுழைந்து அழுத்தத்தைக் கூட்டும், வெற்று உறையும் வாயிலில் சிக்கும். அறையை நீட்டித் தருவார்கள்; ஆனால் அப்படிச் செய்த துப்பாக்கியின் சேகரிப்பு மதிப்பு குறையும் என்பதால் நான் குறுகிய தோட்டாவையே தேடிப் பெறுவதை விரும்புகிறேன். பெல்ஜியக் குழல்களில், குழல்வாயருகே உள்ள நெரிவான சோக்கின் அளவை நட்சத்திரங்களால் குறித்திருப்பார்கள்: ஒரு நட்சத்திரம் முழு நெரிவு, இரண்டு இடைப்பட்டது, மூன்று நெரிவே இல்லாதது. அந்தக் குறிக்கு மாறாகக் குழல்வாய் அளந்தால், குழல் வெட்டப்பட்டிருக்கிறது அல்லது உள்ளே கடையப்பட்டிருக்கிறது என்று பொருள். இந்தப் பழைய குழல்கள் ஈய ரவைக்காகச் செய்யப்பட்டவை. எஃகு ரவையை இறுக்கமான சோக்கின் வழியே அனுப்பினால் குழல்வாயருகே வளையம் போல் புடைத்துவிடும். ஈயத்துக்குத் தடை உள்ள இடங்களில் பிஸ்மத் ரவை பாதுகாப்பானது.

1960களின் பிற்பகுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் வந்த பிரௌனிங் துப்பாக்கிகள் சிலவற்றின் வால்நட் கட்டைகள் உப்பு வைத்து உலர்த்தப்பட்டவை. அந்த உப்பு மரத்தில் தங்கி, ஈரத்தை இழுத்து, மரம் தொடும் இடமெல்லாம் எஃகைத் தின்னும். அந்தக் காலத்து ஆட்டோ-5ஐப் பார்க்கும்போது பின்கட்டையின் அடித்தட்டைப் பிடித்திருக்கும் திருகாணி ஒன்றைக் கழற்றிப் பார்க்கிறேன். அதில் ஆழ்ந்த துரு இருந்தால் கட்டைக்கும் ரிசீவருக்கும் இடையில் என்ன இருக்கும் என்பதை ஊகிக்கலாம். அதற்கு மருந்து கட்டையை மாற்றுவது ஒன்றே. புதிதாக நீலம் ஏற்றிய துப்பாக்கிகளை அடையாளம் காண்பது அதைவிட எளிது: செதுக்குக் கோடுகள் ஆழம் இழந்திருக்கும், திருகாணித் துளைகளின் விளிம்பு கிண்ணம் போல் குழிந்திருக்கும், எழுத்துகள் மங்கியிருக்கும். தேய்ந்தாலும் அசலான நீலம்தான் எனக்கு மதிப்புள்ளது. சட்டம் பற்றி ஒரே வரி: பழையது என்பதற்காக எந்தத் துப்பாக்கியும் உரிமத்திலிருந்து தானாக விலக்குப் பெற்றுவிடாது, வாங்குமுன் அவரவர் நாட்டின் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பராமரிப்பின் எஞ்சிய பகுதி ஒழுங்கைச் சார்ந்தது. சுட்ட அன்றே குழலில் கரைப்பானும் பித்தளைத் தூரிகையும் ஓட வேண்டும், ஈயமும் பிளாஸ்டிக் படிவும் சோக்கின் அருகில்தான் அதிகம் ஒட்டும். எண்ணெய் எங்கேயும் சொட்டும் அளவுக்கு இருக்கலாகாது; கட்டை ரிசீவரோடு சேரும் இடத்தில் எண்ணெய் ஊறினால் மரம் கறுத்து மென்மையாகி, பின்னுதைப்பின்போது அங்கேயே பிளக்கும். அதனால் என்னிடம் உள்ளவற்றைக் குழல்வாய் கீழே இருக்கும்படி நிறுத்துகிறேன். தோல் உறையும் துணி உறையும் பயணத்துக்கு மட்டுமே. அவை ஈரத்தைப் பிடித்து வைத்து ஒரே மழைக்காலத்தில் துருப்பிடிக்க வைத்துவிடும். பூட்டிய இரும்பு அலமாரி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள், கைரேகை படாமல் துடைக்க ஒரு எண்ணெய்த் துணி, தோட்டாக்களுக்குத் தனியே பூட்டிய வேறோர் இடம்.

கழற்றிய பழைய பாகங்களை நான் எறிவதில்லை. தளர்ந்த ஸ்பிரிங்கானாலும் நைந்த ஃபைபர் துண்டானாலும் ஒரு சிறு உறையில் போட்டு, வரிசை எண்ணையும் மாற்றிய தேதியையும் எழுதி, துப்பாக்கியோடு சேர்த்தே வைக்கிறேன். எஃகு வளையம் இப்போது எந்த நிலையில் மாட்டப்பட்டிருக்கிறது, எந்தத் தோட்டாவுக்காக என்பதை அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிய தாளில் குறித்திருக்கிறேன். ஒவ்வொரு முறை சுட எடுத்துச் செல்லும் முன்பும் அந்தத் தாளையும் கையில் உள்ள தோட்டாப் பெட்டியையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, முன்கட்டையைக் கழற்றி வளையம் அங்கேதான் இருக்கிறதா என்று மறுபடியும் பார்த்துக்கொள்கிறேன்.